முகத்தைக் காப்போம்: குதிரை வளர்ப்போர் கவனத்திற்கு

(உழவர்களுக்கான வானொலி நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு. பேசியவர், ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்.)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் முகத்தைப் பற்றியது. குதிரையைப் பிடிக்கும்போதும், பூட்டும்போதும், ஏறிச் செல்லும்போதும் முகத்தில் படுகிற அடியைப் பற்றியது. "முகத்தைப் பற்றிப் பேச என்னங்க இருக்குது? அடிபட்டா வீங்கும், நாலு நாளில் வடிஞ்சு போயிரும்" என்று உங்களில் சிலர் சொல்லலாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் வந்த வினையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

1974-ஆம் வருஷம். எங்க அப்பா இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு ஜட்கா வண்டியும் வைத்துப் பிழைத்தவர். விடியற்காலை ரயிலுக்கு வண்டி கட்ட வேண்டும். என் தம்பிக்கு அப்போது ஏழு வயது. அப்பா குதிரைக்கு வயிற்றுப் பட்டையை இறுக்குகிறார். தம்பி முன்னால் நின்று தலைக்கயிற்றைப் பிடித்திருக்கிறான். பட்டையை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்ததும் குதிரை தலையைக் கீழே இறக்கி விசுக்கென்று மேலே வீசியது. தாடை எலும்பு நேராகத் தம்பியின் மோவாயில் இடித்தது. பையன் மல்லாக்க விழுந்தான். மோவாய்க்குக் கீழே ஒரு விரற்கடை அளவு காயம். ரத்தம் நின்றதும் மஞ்சளை அப்பி, துணியைக் கட்டி, அப்பா ரயிலுக்குப் போய்விட்டார்.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. "வாயைத் திறந்தா காதுகிட்ட வலிக்குது" என்று பையன் சொன்னான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு மாதத்தில் வாய் முன்போலத் திறக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. சோற்றைக் குழைத்துப் பல் இடுக்கில் தள்ளித்தான் சாப்பிடுவான். மற்ற பிள்ளைகளுக்கு முகம் வளர வளர, இவனுக்கு மோவாய் மட்டும் வளராமல் உள்ளே ஒடுங்கிப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பட்டப் பெயரை இங்கே சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது என்னவென்று பின்னாளில்தான் எங்களுக்குப் புரிந்தது. கீழ்த்தாடை எலும்பு ஒரு லாடம் போல வளைந்தது. அதன் இரண்டு முனைகளும் இரண்டு காதுகளுக்கும் முன்னால் கீல் போட்டதுபோல் பொருந்தி இருக்கின்றன. மோவாயில் இடி விழுந்தால் அந்த வேகம் எலும்பு வழியாகப் போய்க் காதுக்கு முன்னால் இருக்கிற முனையை முறித்துவிடும். வெளியே தெரிகிற காயம் மோவாயில். முறிவு இருப்பதோ காதுக்குப் பக்கத்தில். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முறிவைக் கவனிக்காமல் விட்டால், கீல் இருந்த இடத்தில் எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளும். வாய் பூட்டிக்கொள்ளும். தாடை வளர்வதும் நின்றுவிடும். அன்றைக்கே காட்டி, மருத்துவர் சொன்னபடி வாயைத் திறந்து மூடும் பயிற்சியைச் செய்திருந்தால் என் தம்பிக்கு இந்தக் கதி வந்திருக்காது என்று பிறகு மருத்துவர்கள் சொன்னார்கள்.

ஆகவே பெருமக்களே, நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். முகத்தில் பட்ட அடியை வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்து பார்க்கக் கூடாது. அன்றைக்கே பார்க்க வேண்டும்.

குதிரை இன்னும் போகவில்லை

ஜட்கா வண்டி ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் குதிரை மறையவில்லை. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாச் சந்தைக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தியவார், மார்வார் குதிரைகளும், நம் பக்கத்து நாட்டுக் குதிரைகளும், கூடவே காங்கேயம், பர்கூர் மாடுகளும் வரிசையாகக் கட்டி நிற்கும். ரேக்ளா பந்தயத்துக்கென்று குதிரை வாங்குகிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறார்கள். ஆசைக்கென்றே வீட்டில் ஒன்று கட்டுகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிக்காரருக்குக் குதிரையின் குணம் தகப்பன் வழியாகத் தெரியும். இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவருக்குச் சொல்லித்தர ஆள் குறைவு. அதனால்தான் இதை விவரமாகச் சொல்கிறேன்.

குதிரை மூர்க்கமான பிராணி அல்ல. அது பயந்த பிராணி. பயந்தால் முதலில் ஓடப் பார்க்கும். ஓட வழியில்லை என்றால்தான் உதைக்கும், கடிக்கும். அதன் கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். தெரியாத இடம் இரண்டுதான். ஒன்று, வாலுக்கு நேர் பின்னால். மற்றொன்று, நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும். நாம் ஆசையாகப் போய்க் கன்னத்தைத் தடவ நிற்பது அந்த இரண்டாவது இடத்தில்தான்! திடீரென்று ஏதோ தட்டுப்பட்டதும் அது தலையைத் தூக்கும். நடுத்தரமான ஒரு குதிரைக்குத் தலையும் கழுத்துமாகச் சேர்ந்து 30, 40 கிலோ எடை இருக்கும். அந்த எடை வேகத்தோடு நம் மூக்கில் வந்து இடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நிற்கும் இடம்தான் முக்கியம்

முதலாவது, குதிரையை அணுகும்போது அதன் இடது தோள்பட்டையை நோக்கிச் சாய்வாகப் போங்கள். போகும்போதே பேச்சுக் கொடுங்கள். "டேய் ராசா" என்று ஒரு குரல் போதும். காது உங்கள் பக்கம் திரும்பினால் உங்களைக் கவனித்துவிட்டது என்று பொருள். இரண்டு காதும் பின்னால் படிந்து பிடரியோடு ஒட்டிக்கொண்டால் கோபம் என்று பொருள். அப்போது கிட்டே போக வேண்டாம்.

இரண்டாவது, பின்பக்கமாகப் போக வேண்டி வந்தால் ஒன்று, அதன் உடம்போடு ஒட்டி, கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டே போங்கள். இல்லையென்றால் பத்தடிக்கு மேல் தள்ளிப் போங்கள். நடுவில் நிற்பதுதான் ஆபத்து. ஒட்டி நிற்பவனுக்குத் தள்ளு கிடைக்கும். ஐந்தடி தள்ளி நிற்பவனுக்குக் குளம்பின் முழு வேகமும் கிடைக்கும்.

மூன்றாவது, லாடம் பார்க்கவோ குளம்பைச் சுத்தம் செய்யவோ காலைத் தூக்கும்போது உட்காரக் கூடாது, மண்டி போடக் கூடாது. குனிந்து நில்லுங்கள். உங்கள் முகம் குதிரையின் வால் பக்கம் பார்த்திருக்கட்டும். தோளில் கை வைத்து, அங்கிருந்து கையைக் கீழே வழித்துக்கொண்டு போய்க் காலைப் பிடியுங்கள். திடீரென்று குளம்பைத் தொட்டால் உதை நிச்சயம்.

நான்காவது, ஊசி போடும்போது இன்னொருவர் தலையைப் பிடித்திருப்பார் அல்லவா? அவரும் மருத்துவரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். குதிரை மிரண்டால், பிடித்திருப்பவர் தலையைத் தம் பக்கம் இழுப்பார். தலை இந்தப் பக்கம் வந்தால் பின்பாகம் அந்தப் பக்கம் போகும். இரண்டு பேரும் தப்பிக்கலாம். எதிரெதிர்ப் பக்கம் நின்றால் ஒருவர் மேல் உதை விழும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த மருத்துவர் சொல்லிக் கொடுத்த பாடம் இது. முப்பது வருஷத்துக்கு மேல் என்னைக் காப்பாற்றியது.

ஐந்தாவது, கயிறு. நடத்திக்கொண்டு போகும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை ஓடினால் ஆளையும் முகங்குப்புற இழுத்துக்கொண்டு ஓடும். மிச்சக் கயிற்றை மடிப்பு மடிப்பாக உள்ளங்கையில் பிடியுங்கள். முன்னால் நின்று இழுக்காமல் அதன் தோளுக்குப் பக்கத்தில் நடந்து வாருங்கள். மினி லாரியில் ஏற்றும்போது ரொம்பப் பேர் பலகையின் மேல் நின்றுகொண்டு நேர் எதிரே இழுக்கிறார்கள். அது ஒரே தாவலில் ஏறும். ஏறும்போது எதிரே நிற்பவருடைய மூக்குதான் முதலில் அகப்படும்.

கட்டிப் போடும்போது கயிறு குதிரையின் நெஞ்சு உயரத்துக்குக் குறையாமல், ஒரு கை நீளம் இருக்கட்டும். ஒரே இழுப்பில் அவிழும் சுருக்காகப் போடுங்கள். இரும்பு வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு சணல் துண்டைக் கட்டி வையுங்கள். குதிரை மிரண்டு பின்னால் இழுத்தால் சணல்தான் அறும். சணல் இல்லாவிட்டால் கொக்கி தெறிக்கும். தெறித்த கொக்கி அவிழ்க்க ஓடி வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

ஏறிச் செல்பவர்களுக்கு

சவாரி செய்பவர்கள் குதிரையின் கழுத்தின் மேல் நேராகக் கவிழ்ந்து குனியாதீர்கள். அது தலையைத் தூக்கினால் உங்கள் பல்லும் மூக்கும்தான் அடி வாங்கும். அங்கவடியில் பாதத்தின் முன்பாகம் மட்டும் இருக்கட்டும். குதி வைத்த செருப்பு அல்லது பூட்ஸ் போடுங்கள். வெறுங்காலும் ரப்பர் செருப்பும் அங்கவடிக்குள் வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளும். விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும். குதிரை சவாரிக்கென்று இருக்கிற தலைக்கவசத்தைப் பட்டை மாட்டி அணியுங்கள். அது மண்டையைக் காக்கும். ஆனால் முகத்தை மூடாது. ஆகவே தலைக்கவசம் போட்டவரும் மற்ற ஜாக்கிரதைகளைக் கைவிடக் கூடாது.

பந்தய வண்டி ஓட்டுகிறவருடைய முகம் குதிரையின் பின்னங்காலுக்கு நேரே இருக்கிறது. குளம்பு தெறிக்கிற கல்லும் மண்ணும் கண்ணில்தான் வந்து விழும். எளிதில் உடையாத கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு ஓட்டினால் குறைந்தா போய்விடுவோம்?

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெரியவருக்கு வயிற்றில் படுகிற உதை, குழந்தைக்கு முகத்தில் படும். இப்போது சந்தைகளில் கைபேசியில் படம் எடுப்பதற்காகக் குழந்தையைத் தூக்கிக் குதிரையின் முகத்தோடு முகம் வைக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். வெல்லம், கேரட் கொடுக்க வேண்டுமென்றால் விரலில் பிடித்து நீட்டாமல், தட்டிலோ விரித்த உள்ளங்கையிலோ பெரியவர்களே கொடுக்கட்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். குதிரை பின்னால் உதைக்கும். மாடு பக்கவாட்டிலும் முன்னாலும் உதைக்கும். கறவைக்கு உட்காரும்போது முகம் மடியோடு ஒட்டி இருக்கிறது. புதுக் கறவையாக இருந்தால் அணைகயிறு போட்டு, தலையைச் சற்றே மாட்டின் வயிற்றுப் பக்கம் சாய்த்து உட்காருங்கள். காளையை அவிழ்க்கும்போது கொம்புக்கு மேல் குனியாதீர்கள். அது உங்களைக் குத்த நினைக்காது. ஈயை விரட்டத்தான் தலையை ஆட்டும். கொம்பின் நுனிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அடிபட்ட பின் முதல் அரை மணி

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் அடிபடுவது உண்டு. பட்டால் என்ன செய்வது?

முதலில் மூச்சைக் கவனியுங்கள். முகத்தில் அடிபட்டவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். ரத்தமும் உடைந்த பல்லும் தொண்டைக்குள் போய் மூச்சை அடைத்துவிடும். நினைவு இருந்தால் உட்கார வைத்து, முன்னால் குனியச் சொல்லி, ரத்தத்தை வெளியே துப்பச் சொல்லுங்கள். நினைவு இல்லாவிட்டால் கழுத்து திருகாமல் இரண்டு பேராகச் சேர்ந்து, உடம்பு முழுவதையும் ஒன்றாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பணம் ஏதும் கிடையாது.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிஷம் அழுத்துங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் வேண்டாம். குதிரைச் சாணத்திலும் மாட்டுச் சாணத்திலும் ஜன்னிக் கிருமி இருக்கிறது. கொட்டில் மண் பட்ட காயத்துக்கு அந்தத் தடுப்பூசி அவசியம். போட்டு ஐந்து வருஷம் ஆகிவிட்டால் மறுபடியும் போட வேண்டும்.

மயக்கம் தெளியட்டும் என்று வாயில் சோடா, காப்பி ஊற்றாதீர்கள். புரை ஏறும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதும் நல்லது.

கண்ணில் கொம்போ, கம்பியோ குத்தியிருந்தால் கண்ணைக் கழுவக் கூடாது, கசக்கக் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விடவே கூடாது. குத்தியது உள்ளே நின்றால் பிடுங்கவும் கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் உட்காரும்படி லேசாக ஒட்டி, அப்படியே கண் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

பல் விழுந்தால் அதைத் தூக்கிக் கூரையில் போடாதீர்கள். ஆறு, ஏழு வயதுக்கு மேல் முளைத்த நிலைப் பல்லை மறுபடி நட்டு வைக்கலாம். வேரைத் தொடாமல், வெள்ளையாகத் தெரிகிற பாகத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சுத்தத் தண்ணீரிலோ ஒரு முறை அலசுங்கள். தேய்க்காதீர்கள். முடிந்தால் அந்தக் குழியிலேயே வைத்து, துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெறும் தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது. அரை மணிக்குள் போய்விட்டால் நல்லது. ஒரு மணிக்கு மேல் தாமதித்தால் பல் பிடிப்பது கஷ்டம். பால் பல்லாக இருந்தால் மறுபடி வைக்கக் கூடாது.

2016-ல் எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவிக்குத் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பசு தலையைத் தூக்கியதில் முன்பல் விழுந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா அதிகம் படிக்காதவர். பல்லை ஆறிய பால் டம்ளரில் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பல் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

கடித்து உதடோ காதோ மூக்கின் நுனியோ துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டு போங்கள். பனிக்கட்டி நேராகத் துண்டின் மேல் படக் கூடாது.

குதிரைக்கும் மாட்டுக்கும்கூட வெறிநாய் கடித்தால் வெறிநோய் வரும் என்பதை மறக்காதீர்கள். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். முகத்தில் கடித்து ரத்தம் வந்தால் அதை மிகவும் கடுமையான வகையாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு மருந்தும் தேவைப்படும். "நம்ம குதிரைதானே" என்று இருந்துவிடாமல் அன்றைக்கே காட்டுங்கள்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

சரி, வெளிக்காயம் பெரிதாக இல்லை. எலும்பு முறிந்திருக்கிறதா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: "பல்லைக் கடி. முன்போலப் பொருந்துகிறதா?" பொருந்தவில்லை என்றால் தாடை முறிந்திருக்கலாம்.

இரண்டு: "வாயைத் திற." பெரியவர்களுக்குத் தங்கள் கையின் மூன்று விரலை அடுக்கி வைக்கிற அளவு திறக்க வேண்டும். கோணாமல் நேராகத் திறக்க வேண்டும். மோவாயில் அடிபட்ட குழந்தைக்கு இந்தக் கேள்வியை மறக்கவே மறக்காதீர்கள். காதுக்கு முன்னால் வலி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மூன்று: ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்வை சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு இரண்டு கண்ணையும் திறந்து மேலே, கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால் கண்குழி எலும்பு உடைந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் காற்று கண்ணுக்குக் கீழே போய் இமை உப்பிவிடும்.

நான்கு: "கன்னம், உதடு, ஈறு எங்காவது மரத்துப் போயிருக்கிறதா?" மரத்துப் போயிருந்தால் அடியில் எலும்பு உடைந்து நரம்பை நசுக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஐந்து: மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி தெளிவாக ஒழுகுகிறதா? வாந்தி, தூக்கக் கலக்கம், உளறல் உண்டா? இருந்தால் மண்டைக்குள் அடி. ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அடிபட்ட பிள்ளைக்கு இரண்டு மூக்கும் அடைத்துக்கொண்டு, உள்ளே நடுத்தண்டில் சிவப்பாக உப்பியிருந்தால் அங்கே ரத்தம் கட்டியிருக்கிறது. அதை உடனே வடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே இருக்கிற குருத்தெலும்பு செத்து, மூக்குத் தண்டு பிறகு சப்பையாக அமுங்கிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தாடையும் கன்ன எலும்பும் முறிந்தால் அதைச் சரி செய்கிறவர் பல் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்த முகத்தாடை அறுவை நிபுணர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் மருத்துவக் கல்லூரியிலும் கேட்டால் அனுப்பி வைப்பார்கள். சிறிய டைட்டேனியம் தகடு வைத்து எலும்பைப் பொருத்துவார்கள். சிலருக்குப் பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டி நாலு முதல் ஆறு வாரம் விடுவார்கள். அந்த நாட்களில் கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால், பழச்சாறு என்று குடித்தே தெம்பாக இருக்கலாம். கம்பியை வெட்டுகிற குறடு ஒன்றைத் தலைமாட்டிலேயே வையுங்கள். வாந்தி வந்து மூச்சு அடைத்தால் உடனே வெட்டி வாயைத் திறக்க வேண்டும். எப்படி வெட்டுவது என்று வீட்டுக்குப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாள் தள்ளித் தள்ளிப் போனால் எலும்பு கோணலாகக் கூடிவிடும். பிறகு அதை மறுபடி உடைத்துத்தான் நேராக்க வேண்டும். முதல் வாரத்தில் எளிதாக முடிகிற வேலை, ஆறு மாதம் கழித்துப் பெரிய அறுவையாகிவிடும்.

காலம் கடந்து போனவர்களும் மனம் தளர வேண்டாம். 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவர் மூக்கை இழந்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, பூனாவுக்கு அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி வந்த பிறகுதான் ஐரோப்பிய மருத்துவர்கள் அந்த முறையைக் கவனிக்கத் தொடங்கினார்கள். நெற்றித் தோலை எடுத்து மூக்கு வைக்கும் முறை இன்றைக்கும் வழக்கத்தில் இருக்கிறது.

என் தம்பிக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 1988-ல், அவனுக்கு இருபத்தொரு வயதில், ஓர் அரசு மருத்துவமனையில் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த எலும்பை வெட்டிப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தினமும் வாயைத் திறக்கும் பயிற்சி. வலியில் அழுதுகொண்டே செய்தான். கடைசியில் வாய் திறந்தது. வீட்டுக்கு வந்த அன்று அம்மாவிடம் ஒரு கொய்யாப்பழம் கேட்டான். முழுசாகக் கையில் வைத்துக் கடித்தான். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

வாய் திறந்தது என்றாலும் ஒடுங்கிப் போன மோவாயும், பள்ளிக்கூடத்து வருஷங்களும் திரும்பி வரவில்லை. ஒரு விரற்கடைக் காயம் என்று நாங்கள் நினைத்ததற்கு அவன் கொடுத்த விலை அது.

ஆகையால் பெருமக்களே, குதிரையை ஆசையாக வளருங்கள். அது நன்றியுள்ள ஜீவன். அதன் தலைக்கும் காலுக்கும் நேரே உங்கள் முகத்தையோ உங்கள் பிள்ளைகள் முகத்தையோ வைக்காதீர்கள். அதையும் மீறி அடிபட்டால் அந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும், அடுத்த நாள் சந்தை இருக்கிறது, அறுப்பு இருக்கிறது என்று தள்ளிப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அறுப்பை அடுத்த நாள் அறுத்துக்கொள்ளலாம்.